வெட்டுப்பட்ட தலைப்பு

ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசு ஆலைக்கு இணையதளம் செய்துகொடுத்தது அழகுமீனாதான். விருதுநகரில் ஒரு சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை. தங்கள் ஆலையில் சிறுவர்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்ல ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தார் ஆலை முதலாளி சுகிர்தா. ஆலையில் பேக்கிங் வேலை பார்த்த பொன்மணி, பள்ளிக்கூடம் போகிற வயதில் தீப்பெட்டி ஒட்டப் போனவள். படத்துக்கு நிற்கக் கூசியவளை, "நீங்க நின்னாத்தான்க்கா நம்புவாக" என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள் அழகுமீனா.

பக்கத்துக்கு அவள் வைத்த தலைப்பு, 'சிவகாசிப் பட்டாசு ஆலையில் குழந்தைகளை வேலைக்கு வைப்பது அறவே கிடையாது என்கிறார் பொன்மணி'.

"நீளம் ஜாஸ்தி மீனா. தேடுறப்ப கூகுள்காரன் பாதியில வெட்டிருவான். சுருக்கு," என்றான் கூட வேலை பார்க்கும் அருள்பாண்டி.

"எனக்குத் தெரியும்லே." ஒரு சொல்லைக்கூட விட அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து சுகிர்தா போனில் கூப்பிட்டார். "நம்ம ஆலையக் கூகுள்ல போட்டுப் பாருங்க."

பார்த்தாள். 'சிவகாசிப் பட்டாசு ஆலையில் குழந்தைகளை வேலைக்கு வைப்பது…' அவ்வளவுதான். பக்கத்தில் பொன்மணியின் சிரித்த முகம். அழகுமீனாவுக்குக் காது சுட்டது.

"கூகுள் வெட்டிருச்சு மேடம். நம்ம கையில இல்ல."

அருள்பாண்டி நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு, தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அதைப் பொன்மணிகிட்ட வந்து சொல்லுங்க," என்றார் சுகிர்தா.

அழகுமீனா ஆலைக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கேட்டுக்கு வெளியே வந்தாள் பொன்மணி.

"சம்பந்தி வீட்டோட இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையோட அண்ணன் போனைக் காட்டி, பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறவுகளுக்கா போஸ் குடுக்கீகன்னாரு. எல்லாரும் சிரிச்சாக. உள்ள தொட்டா முழுசா இருக்குன்னு காட்ட எனக்குத் தெரியல தாயி. அம்புட்டுச் சனத்துக்கு மத்தியில முழிச்சுக்கிட்டு நின்னேன்."

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சமாதானத்தை அழகுமீனா விட்டுவிட்டாள்.

"கூகுள் மேல தப்பில்லக்கா. சுருக்கச் சொன்னாக. நான்தான் கேக்கல."

பொன்மணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அழகுமீனாவுக்கு. அங்கேயே நின்று போனில் தலைப்பை மாற்றி வாசித்துக் காட்டினாள்: 'எங்கள் ஆலையில் சிறுவர்கள் இல்லை'.

"இம்புட்டுத்தானே. அன்னைக்கே எழுதிருக்கலாம்ல?"

அழகுமீனா தலையசைத்துவிட்டு அதைச் சேமித்தாள்.

"இப்பவே மாறிருமா?"

"தேடுனா கொஞ்ச நாளைக்குப் பழசுதான்க்கா வரும்."

"அப்ப என் படத்தை எடுத்துரு தாயி."

எடுத்தாள். அதுவும் உடனே மறையாது என்பதையும் சொல்லிவிட்டாள். பொன்மணி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் உள்ளே போனாள்.

தினமும் காலையில் தேடிப் பார்ப்பாள் அழகுமீனா. பழைய வரி அப்படியே இருக்கும். அடுத்த வாரம் ஒருநாள் மாறியிருந்தது, படமும் இல்லை. ஷிப்ட் முடிந்திருக்கும் நேரம் பார்த்துப் பொன்மணியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"சரி தாயி," என்றாள் பொன்மணி. "பஸ் வந்துருச்சு, வைக்கேன்."