நகராத கோடு

ஒரு குழந்தை ஐந்து மாதமாக வளரவில்லை என்பது வீட்டுக்குள் இருக்கவேண்டிய விஷயம். ஆனால் தையல்காரரின் மகள் வளரவில்லை என்பது சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களுக்கும், ஜிப் மாற்ற வந்தவர்களுக்கும், எதற்கும் வராமல் மழைக்கு ஒதுங்கியவர்களுக்கும்கூடத் தெரிந்திருந்தது.

குற்றம் அவருடையதுதான். முன்னால் கடை, பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவு நிலையில்தான் மாதத்தின் முதல் ஞாயிறன்று மகளை நிற்கவைத்து, தலைக்கு மேல் அடிக்கோலை வைத்து, பென்சிலால் கோடு இழுத்துத் தேதி எழுதுவார். கடைசி ஐந்து கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஒரே தடித்த கோடாகக் கறுத்துப்போயிருந்தன. கடைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா போகவில்லை.

ஒருவர் பால் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் பாலை நிறுத்தச் சொன்னார். பேன்ட் சுருக்க வந்த ஒரு பெரியவர், பிள்ளையைத் தினமும் கம்பியில் தொங்கவிட்டால் சரசரவென்று வளரும் என்றார். தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "அவ வாரத்துல நாலு நாள் கம்பியிலதாங்க தொங்குறா. அதனாலதான் வளரலைன்னு ஊரே சொல்லுது" என்றார். பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் தொங்கவிட வேண்டாம் என்றார்.

மகளுக்குப் பத்து வயது முடிந்து ஆறு மாதம். வீட்டில் அவளுக்குக் குருவி என்று பேர். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்குப் போக ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பாள். சமையலறைக்குப் போகச் சொன்னால் கையால் நடந்து போவாள். இதெல்லாம் அவருக்கு உள்ளூரப் பெருமைதான், அந்தக் கோடு நிற்கும்வரை.

தினமும் மூன்று மணிக்கு, சரியாக அவர் இஸ்திரிப்பெட்டியைக் கையிலெடுக்கும் நேரம் பார்த்து, அக்கா போன் செய்வாள். எடுத்ததும் அதே பல்லவி. "தம்பி, போன்ல பாத்தேன்டா. அந்தக் குட்டிக்கரணம் போடுற பொண்ணுங்க எல்லாம் இத்தனூண்டு இருக்குதுங்க. நாளைக்கு இவ கல்யாணத்துல மாலை போட ஸ்டூல் போடணும், சொல்லிட்டேன்." பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு இப்போது மாலையும் ஸ்டூலும் என்று கேட்டால், அக்கா அழுதுவிடுவாள். ஆகவே அவர் கேட்பதில்லை. அந்த எரிச்சலில் ஒரு முறை சட்டைக் காலரில் சூடு வைத்துவிட்டார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துச் சோதிப்பவள். எந்தப் பதற்றக்காரனும் அவள் முன்னால் அடங்கிக் கையை நீட்டிவிடுவான், அப்படியொரு நிதானம். அங்கே குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுவந்து சொன்னாள். ஜிம்னாஸ்டிக்ஸ் யாரையும் குட்டையாக்குவதில்லையாம். சின்ன உடம்புக்காரர்களுக்கு அது சுலபமாக வருவதால் அவர்களே அதில் நிலைத்துவிடுகிறார்களாம். அளவோடு செய்தால் எலும்புக்கு நல்லதாம். ஓய்வில்லாமல் பழகி, வயிற்றுக்கும் சரியாகப் போடாமல் இருந்தால்தான் வளர்த்தி பின்தங்குமாம்.

"நல்லாச் சாப்பிடுறாளா, நல்லாத் தூங்குறாளா, அதைப் பாருங்க போதும்னாரு."

"கோடு நகரலையே."

"கோட்டை விடுங்க. பிள்ளையைப் பாருங்க."

அவருக்கு எரிச்சல் மண்டைக்கேறியது. அளவு எடுத்தே பிழைக்கிற மனுஷனிடம் அளவை விடு என்றால் என்ன அர்த்தம்? இந்த ஞாயிறும் கோடு நகராவிட்டால் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு முழுக்கு என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். அப்படியானால் அதை அவளிடம் நீங்களே சொல்லுங்கள் என்றாள் மனைவி. அது மட்டும் அவரால் ஆகவில்லை. குருவி இரண்டு தடவை குறுக்கே வந்தாள், ஒரு தடவை தலைகீழாக. இரண்டு தடவையும் அவர் நூல்கண்டைத் தேடினார்.

சனிக்கிழமை காலை குருவி அவர் தைத்துக்கொடுத்த பள்ளிக்கூடத்து முழுக்கை ஜாக்கெட்டோடு வந்து நின்றாள். கை ஏறிப்போய் மணிக்கட்டு எலும்பு வெளியே தெரிந்தது. அவர் துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் துணிக்கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தார். நல்ல துணி என்று சத்தியம் செய்து கொடுத்தானே, ஒரு இன்ச் சுருங்கியிருக்கிறதே, இனி அவன் கடை வாசலை மிதித்தால் என்னை ஏன் என்று கேள். மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டே கேட்டாள்:

"நீங்கதானே அதை ரெண்டு தடவை தண்ணியில போட்டுக் காயவெச்சு வெட்டினீங்க? சுருங்குறதெல்லாம் முன்னாடியே சுருங்கட்டும்னு?"

அவர் கத்திரிக்கோலை மேஜைமேல் வைத்தார். உண்மைதான். நனைக்காத துணியை அவர் வெட்டுவதில்லை. துணி சுருங்கவில்லை என்றால் கை நீண்டிருக்கிறது. கை நீண்டிருக்கிறது என்றால் பிள்ளை வளர்ந்திருக்கிறது. அப்படியானால் கோடு?

அன்றைக்கு முழுவதும் வேலை ஓடவில்லை. சாயங்காலம் கோட்-சூட் தைக்க அளவு கொடுக்க ஒருவர் வந்தார். டேப் இடுப்பைச் சுற்றியதும் வழக்கம்போல மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளினார். இப்படி இழுக்காதவர்களைத் தையல்காரர் விரல்விட்டு எண்ணிவிடலாம். டேப் சொல்வதைவிட ஒன்றரை இன்ச் கூட்டி எழுதிக்கொள்வார். போட்டுப் பார்க்கும்போது அவர்கள் முகம் மலரும், அவ்வளவுதான் வேண்டும். கடவுள் தன்னிடம் கொடுத்த டேப் யாரையும் கூச வைப்பதற்கல்ல என்பது அவருடைய நம்பிக்கை. தினமும் கடை திறக்கும்போது மெஷினைத் தொட்டு அதையே ஒரு வேண்டுதலாகச் சொல்லிக்கொள்வார். ஊராரின் வயிற்றையெல்லாம் இப்படி அறிந்த மனுஷன், ஒன்றரை இன்ச்சை எழுதும்போது பென்சிலை நிறுத்தி, கதவு நிலையைத் திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை குருவி தொளதொள பேன்ட்டில் வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். எப்போதும் அவர் தலையைத்தான் பார்ப்பார். இன்று பேன்ட்டுக்கு அளவு எடுப்பதுபோலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் முழங்காலில் கை வைத்தார். துணிக்குள் முழங்கால் மடங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. கம்பியில் பழகிய பிள்ளை, அப்படியே அரை மணி நேரம்கூட நிற்பாள்.

கோபம் வந்தது. ஐந்து மாதத்து அறிவுரையும் அக்காவின் ஸ்டூலும் காலரில் வைத்த சூடும் மொத்தமாகத் தொண்டைக்கு ஏறின. ஆனால் குனிந்து பார்த்த அவள் முகம், மாட்டிக்கொண்ட முகமாக இல்லை, பயந்த முகமாக இருந்தது.

"ஏன் குருவி?"

"நேரா நின்னா வளர்ந்தது தெரிஞ்சிடும்ப்பா."

"தெரிஞ்சா?"

"நீங்க எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க. கோச் மேடத்துக்கும் தெரிஞ்சிடும்."

மீதியை அவள் விக்கி விக்கிச் சொன்னாள். கூடப் பழகும் நெட்டை அக்கா ஒருத்தி. உயரமாக ஒன்றும் தாழ்வாக ஒன்றுமாக இருக்கும் இரண்டு கம்பிகளில், உயரக் கம்பியில் அவள் ஆடும்போது கால் போய்க் கீழ்க் கம்பியில் அடித்துவிட்டது. அழுதுகொண்டே போனவள் அப்புறம் வரவேயில்லை. அன்றைக்கு கோச் குருவியின் தலையைத் தடவி, "நீயாவது இப்படியே இருந்துடு கண்ணு" என்றாராம். அதிலிருந்து குருவி இப்படியே இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறாள். முழங்காலை மடக்குவது ஒன்று. மத்தியானச் சாப்பாட்டில் பாதியைப் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவது இன்னொன்று.

சாப்பாட்டுக் கதையைக் கேட்டதும் மனைவியின் நிதானம் போயிற்று. எத்தனை பேர் ரத்தத்தைப் பார்த்துச் சத்து இருக்கிறதா என்று சொல்கிறேன், என் வீட்டு டப்பா காலியாக வந்தால் போதும் என்று இருந்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டரிடம் இந்த வாரமே காட்டிவிடலாம் என்று முடிவு செய்து, மகளுக்கு முன்னால் ஒரு தட்டைப் போட்டு நிறையச் சாப்பாடு வைத்தாள். குருவி அத்தனையையும் சாப்பிட்டாள். பிள்ளைக்கு எவ்வளவு பசி இருந்திருக்கிறது என்று பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பயிற்சிக்கூடத்துக்கு அவர் போன வேகத்தில் யாராவது எதிரே வந்திருந்தால் கீழே விழுந்திருப்பார்கள். சொல்லவேண்டியதை வழியெல்லாம் உருப்போட்டிருந்தார். உயரமான கூடம், பாய்களின் ரப்பர் வாசனை, கம்பியைச் சுற்றிப் புகைபோல, கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக்பீஸ் பொடி. கோச் தொண்டை கட்டிய ஒரு பெண்மணி. இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒற்றை ஆள். தையல்காரர் சொல்லச் சொல்ல அந்த அம்மாள் பாயின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் அப்படிச் சொன்னேனா சார்?" என்றார். "சொல்லியிருப்பேன். என்னைத் திட்டிக்கிறதுக்குப் பதிலா அவளைக் கொஞ்சியிருக்கேன்."

தப்பு பிள்ளையின் உயரத்தில் இல்லை, கம்பியில்தான் என்றார். பிள்ளைகள் வளர வளர இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் இடம் கூட்டவேண்டும். அதற்கென்றே கீழ்க் கம்பியின் அடியில் திருகு இருக்கிறது. அது துருப்பிடித்து இறுகிவிட்டது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஆறு வாரம் தள்ளினார். அதற்குள் அந்தப் பெண்ணின் கால் அடிபட்டுவிட்டது. அவள் வீட்டுக்குப் போன் செய்ய அவருக்கு முகமில்லை.

உருப்போட்டதில் பாதி இன்னும் பாக்கியிருந்தது. தையல்காரர் அதை விட்டுவிட்டார். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிய வேலை தன் கடையிலும் ஒரு அலமாரி நிறையக் கிடக்கிறது. சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். மெஷினுக்குப் போடும் எண்ணெய்ச் சீசா எப்போதும்போல அங்கேயே இருந்தது.

திருகின் மேல் எண்ணெயை விட்டுக் கால் மணி நேரம் ஊறவிட்டார்கள். பிறகு அவர் ஸ்பானரைப் பிடிக்க, கோச் அவர் கைமேல் கைவைத்து அழுத்த, அது நகரவில்லை. இன்னும் எண்ணெய். நடுவில் அக்கா போன் செய்தாள், மணி மூன்று. அவர் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை திருகு ஒரு கிழட்டுக் கதவுபோல முனகிக்கொண்டு சுற்றியது. கீழ்க் கம்பியை இரண்டு பேருமாக இழுத்து நான்கு விரற்கடை தள்ளிவைத்தார்கள். கோச் பொடியும் எண்ணெயும் படிந்த கையோடு போனை எடுத்துக்கொண்டு, நெட்டைப் பெண்ணின் வீட்டில் பேச ஜன்னல் பக்கம் போனார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த குருவி வாசலிலேயே நின்று கம்பியைப் பார்த்தாள், எண்ணெய்க் கையோடு நிற்கும் அப்பாவைப் பார்த்தாள். திரும்பி வந்த கோச் அவள் முன்னால் மண்டியிட்டு, தான் சொன்னது தப்பு என்றார்.

"இன்னும் வளர்ந்தா?" என்று கேட்டாள் குருவி.

"இன்னும் தள்ளிவெப்போம்."

"இன்னும்?"

"அதுக்கும் மேல வளர்ந்தா, அப்பாகிட்ட எண்ணெய் கேப்போம்."

குருவிக்கு முழுசாகச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பொடியில் கையைத் தேய்த்துக்கொண்டு, கம்பிக்குக் கீழே போய் நிமிர்ந்து நின்றாள்.

வீட்டுக்கு வந்து அவர் ஜாக்கெட் கையைப் பிரித்தார். வளரும் பிள்ளை என்று தைக்கும்போதே உள்ளே இரண்டு இன்ச் மடித்துவிட்டிருந்தார். ஒரு இன்ச்சை இறக்கித் தைத்தார், மற்றதை உள்ளேயே விட்டார். கதவு நிலையில் புதுக்கோடு போடவில்லை. பழையதை ரப்பரால் தேய்த்தார். அது முழுக்கப் போகவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு அக்கா போன் செய்தாள். அவர் இஸ்திரிப்பெட்டியைப் பத்திரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு எடுத்தார்.

"வளர்ந்துட்டாக்கா" என்றார். "நாமதான் சரியாப் பாக்கலை."

அக்கா நம்பவில்லை. பால் கொடுத்தாயா என்று கேட்டாள்.