மூன்று மணி வரை சாப்பாடு

அந்த அலுவலகத்தில் உதவி கேட்டு வருகிற யாருக்கும் பெயர் கிடையாது. பிரெஞ்சு மட்டுமே தெரிந்து, அடிக்கும் கணவனோடு அந்நிய ஊரில் மாட்டிக்கொண்ட பெண்களுக்கான அமைப்பு அது. முதல் முறை போன் செய்யும்போதே ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறத்தைப் பெயராக வைத்துவிடுவார்கள். உண்மைப் பெயரும் முகவரியும் ஒட்டிய உறைக்குள் போய்விடும். அவளோடு பேசிய ஆலோசகரைத் தவிர வேறு யாரும் அந்த உறையைப் பிரிக்கக் கூடாது, தலைவியும்கூட. இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் இந்த விதியை எழுதி வைத்ததே தலைவிதான்.

தலைவி முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு கற்பித்தவர். நாற்காலியில் அவர் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் ‘கர்னல்’ என்பார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது, உள்ளூரப் பிடித்தும் இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் ஒரு விஷயத்தைத் தவறாமல் சொல்வார். எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு பெண் மேல் கை வைத்ததாகச் சரித்திரமே இல்லை, அந்தத் தைரியத்தில்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று.

வியாழக்கிழமை மூத்த ஆலோசகர் ஊதா என்று பெயர் வைத்த பெண்ணின் திட்டத்தாளைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். வாய் ஓயாமல் பேசுகிற பெண்மணி அன்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். தாளில் நாலே வரி. கணவர் போன வாரம் கழுத்தை நெரித்திருக்கிறார். ஞாயிறுதோறும் அவர் மட்டும் உறவினர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். பன்னிரண்டரை முதல் மூன்று வரை வீட்டில் இருக்க மாட்டார். வருகிற ஞாயிறு ஒரு மணிக்கு நம் வண்டி போய் ஊதாவை அழைத்து வர வேண்டும். பை தயார், அழுக்குத்துணிக் கூடைக்கு அடியில் இருக்கிறது.

“இந்த விருந்தை நம்பலாமா? திடீர்னு அவங்க இந்த வாரம் வேணாம்னுட்டா?”

“நம்பலாம் மேடம். அந்த வீட்டுல ஞாயித்துக்கிழமை சாப்பாட்ட நிறுத்தினதே இல்லையாம்.”

தலைவி கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பெண்ணை வீட்டிலிருந்து கிளப்பும் நாளில் அலுவலகத்தில் போன் பக்கத்தில் அவர் இல்லாமல் இருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் யாரையும் கிளப்பியதும் இல்லை. ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்து, அலுவலகத்தில் வேலை இருக்கிறது, நாளைக்குச் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார். தம்பி சிரித்தான், பதினைந்து வருடத்தில் இதுதான் முதல் முறை என்றான்.

அப்பா போன பிறகு தலைவி கையால் வளர்ந்த தம்பி அவன். வெளிநாட்டில் வேலை பார்த்தபோது பிரெஞ்சு பேசும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். அவளும் ஞாயிறுதோறும் கூட வந்துகொண்டுதான் இருந்தாள். அமைப்பின் துண்டுப் பிரசுரம் ஐந்நூறையும் தலைவியின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தவளே அவள்தான். ஆறு வாரமாக வரவில்லை. தலைவலி என்பான் தம்பி. திமிர் என்று தலைவி நினைத்துக்கொண்டார். ஆனாலும் அவளுக்கென்று ஒரு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுக்கத் தவறவில்லை. மரியாதை மரியாதைதான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு தலைவி நுழைந்தபோது ஆலோசகரின் முகம் வெளுத்தது.

“நீங்க எதுக்கு வந்தீங்க மேடம்? வீட்டுல சாப்பாடு?”

“நிறுத்திட்டேன். ஒரு வாரம் சாப்பிடலேன்னா எந்தம்பி இளைச்சுட மாட்டான்.”

ஆலோசகர் தண்ணீர் குடித்தார். டம்ளர் முழுவதும் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் பிடித்தார். ஏதோ சொல்ல வாயெடுப்பதும் மூடிக்கொள்வதுமாக ஒரு மணி நேரம் ஓடியது. பதினொன்று பத்துக்குப் போன் அடித்தது. ஊதாதான். கணவர் எங்கேயும் போகவில்லை, விருந்து ரத்தாகிவிட்டதாம். சோபாவில் படுத்திருந்தவர் இப்போது எழுந்து நீலச் சட்டையைத் தேட ஆரம்பித்திருக்கிறார். அந்தச் சட்டை கிடப்பது அழுக்குத்துணிக் கூடையில்.

ஆலோசகர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு வினாடி தலைவியைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டுத் தணிந்த குரலில் பிரெஞ்சில் கேட்டார்: “அவங்க இங்கதான் நிக்கறாங்க. சொல்லிடட்டுமா? நீ சொன்னாத்தான் சொல்லுவேன்.”

மறுமுனையிலிருந்து சம்மதம் வந்தது. தலைவியின் காதில் அந்தக் குரல் விழவில்லை. ஆனால் ஆலோசகர் தன்னைப் பார்த்த பார்வையும், நிறுத்திய சாப்பாடும், ஆறு வாரத் தலைவலியும் ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொண்டன.

“உறவினர் வீடுன்னு எழுதினீங்களே,” என்றார் தலைவி. “அது எங்க வீடா?”

“ஆமா மேடம். உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு கெஞ்சினா. நீங்க அவருக்கு அக்கா. அக்கா தம்பிய விட்டுக் குடுக்க மாட்டாங்கன்னு நெனச்சா.”

தலைவி உட்கார்ந்து, முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்தார். தம்பிக்குத் தான் ஷூ லேஸ் கட்டிவிட்ட காலம் ஞாபகம் வந்தது. கூடவே, புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பெண்ணிடமும் நிமிர்ந்து நின்று தான் சொன்ன அந்த வாக்கியமும். அந்த வாக்கியத்தை எத்தனை முறை இந்த ஆலோசகர் கேட்டிருப்பார், ஊதா போன் செய்த பிறகு எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. பொய்யாக இருக்குமோ என்று ஒரு கணம் நெஞ்சு ஒதுங்க இடம் தேடியது. இதே இடத்தைத் தேடிய எத்தனையோ அக்காக்களையும் அம்மாக்களையும் அவரே இந்த அறையில் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். எழுந்துகொண்டார்.

சொந்தக்காரர் சம்பந்தப்பட்டால் விலகிக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் எழுதிய விதிதான். அலமாரியிலிருந்து விலகல் பதிவேட்டை எடுத்து, ஊதா என்ற நிறத்துக்கு நேராக ‘கணவரின் அக்கா’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணாமல்தான் வந்தது.

“இந்த விஷயத்துல இனிமே நான் தலைவி இல்ல, நீங்கதான். சொல்லுங்க, நான் என்ன செய்யணும்?”

ஆலோசகர் திகைத்தது ஒரு நொடிதான்.

“சோறு போடுங்க மேடம். மூணு மணி வரைக்கும் போட்டுக்கிட்டே இருங்க. ஒரு வார்த்தை அவர்கிட்ட மூச்சு விடக் கூடாது. அவ வண்டில ஏறினதும் உங்க வீட்டு போன் ரெண்டு தடவ அடிச்சு நிக்கும்.”

தலைவி அங்கிருந்தே தம்பியைக் கூப்பிட்டார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, மாமாவும் தனியாகச் சாப்பிட மூக்கால் அழுகிறார், உடனே கிளம்பி வா என்றார். நீலச் சட்டையைக் காணவில்லை என்று அவன் இழுத்தான். “சட்டையப் பாத்தா சோறு போடப் போறேன்? இருக்கறதப் போட்டுக்கிட்டு வாடா” என்றார். பிறந்ததிலிருந்து பொய் சொல்லாதவருக்கு அது அவ்வளவு சரளமாக வந்தது அவருக்கே ஆச்சரியம்.

இரண்டு தெருத் தாண்டி வீடு. அவர் கணவர், ஓய்வுபெற்ற சர்வேயர், கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தார். அவர் அளந்த பாலத்தின் கதையை ஆரம்பித்தால் விருந்தாளிகள் செருப்பைத் தேடுவார்கள். தலைவியே இத்தனை வருடத்தில் அதை முழுதாகக் கேட்டதில்லை. இன்று அவரிடம் காரணம் சொல்லாமல் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: தம்பியிடம் பாலத்தின் கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்ல வேண்டும். சர்வேயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார்.

தம்பி வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கோழி அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது. சர்வேயர் பாலத்தின் முதல் தூணை நட்டார். ஒன்றரைக்கு முட்டைக்கோசும் கோழியும் மேஜைக்கு வந்தன. தம்பி ரசித்துச் சாப்பிட்டான், ஜோக் அடித்தான், அக்கா கை மணமே தனி என்றான். தலைவி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய நகம், சுத்தமான விரல்கள். ஒரு கோளாறும் சொல்ல முடியாத கை. இரண்டாவது முறை பரிமாறினார், மூன்றாவது முறையும். போன் அடிக்கவில்லை.

இரண்டு மணிக்கு அவன் கை கழுவிவிட்டுக் கார் சாவியை எடுத்தான். மூன்றாவது தூணிலேயே தப்பித்துவிடுகிற அவசரம்.

“கெளம்பறேன்க்கா. அவ தனியா இருக்கா.”

தலைவி இதுவரை யாரிடமும் ஒரு துரும்பைத் தூக்கி வைக்கச் சொன்னதில்லை, தம்பியிடம் சத்தியமாக இல்லை. இப்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு ஒரு உதவி பண்ணுடா. மாடில இருக்கற மர பீரோவ இந்தச் சுவத்துலேந்து அந்தச் சுவத்துக்கு மாத்தணும். உங்க மாமாவால முடியல. எனக்கும் வயசாயிட்டுது.”

தம்பி நின்றுவிட்டான். கர்னல் உதவி கேட்பதா? பெருமை பிடிபடாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பீரோவைக் காலி செய்யவே இருபது நிமிடம் ஆனது. நகர்த்திய இடம் தலைவிக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் இடப்பக்கம் என்றார், இல்லை வலப்பக்கமே என்றார். அப்போது கீழே போன் அடித்தது. ஒன்று, இரண்டு. நின்றுவிட்டது.

“யாருக்கா?”

“ராங் நம்பர். அங்கயே இருக்கட்டும்டா, நல்லாத்தான் இருக்கு.” தலைவி பீரோவின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

அவன் காரின் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகு அவர் கீழே வந்து, தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. ஆறிப்போன கோழியை எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டார். எதிரே சர்வேயர் சந்தேகத்தோடு இருமினார். அவன் பாதியில் எழுந்துவிட்டானே, மீதிக் கதையை என்ன செய்வது என்றார்.

“எங்கிட்ட சொல்லுங்க. எத்தனை தூண் மிச்சம்?”

“ஏழு.”

“ஏழையும் சொல்லுங்க.”

ஆறாவது தூணில் தம்பியின் போன் வந்தது. குரல் உடைந்திருந்தது. அவளைக் காணோம், பையைக் காணோம், உன் அலுவலகத்துக்குத்தான் வந்திருப்பாள், எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டான். கெஞ்சினான், பிறகு அக்கா என்றும் பாராமல் கத்தினான். அந்தக் கத்தலை அவர் முதல் முறையாகக் கேட்டார். சந்தேகத்தின் கடைசித் துணுக்கும் அதில் போயிற்று.

“அங்க யாரு இருக்காங்க, யாரு இல்லேன்னு யாருக்கும் சொல்றதில்ல. எனக்கும் சொல்ல மாட்டாங்க,” என்றார். அது கலப்படமில்லாத உண்மை. “நீ கத்தி முடிச்சதும் இங்க வா. உங்கிட்ட நெறைய கேக்கணும்.”

சாயங்காலம் அலுவலகத்தில் ஆலோசகரின் வாய் பழையபடி திறந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் காரைக் கழுவிக்கொண்டு நகரவே இல்லையாம், அதனால்தான் தாமதமாம். ஊதா நலம். கழுத்தை டாக்டர் பார்த்தாயிற்று. வண்டியில் ஏறியதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம், அவங்க எப்படி எடுத்துக்கிட்டாங்க என்று.

“என்ன சொன்னீங்க?”

“பதிவேட்டுல எழுதினதச் சொன்னேன் மேடம். அப்பறம் தூங்கிட்டா. வண்டியிலேயே.”

அமைப்புக்கு நான்கு வீடுகள் இருந்தன. எந்த வீடு என்று தலைவி கேட்கவில்லை. பையிலிருந்து வழக்கமான அந்த டப்பாவை எடுத்து ஆலோசகரின் மேஜையில் வைத்தார். மூடி சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனார்.