சங்கரி அனுப்பிய ஏழு நாள் பட்டியல்

லிஸ்பனுக்குக் கிளம்ப இன்னும் பத்தே நாள். அங்கே வேலை பார்க்கும் மகள் சங்கரி அனுப்பியிருந்த ஊர் சுற்றும் பட்டியலைக் குமரகுருபரன் மூன்று தடவை வாசித்தார்.

ஏழு நாளைக்கும் மணிவாரியாக எழுதியிருந்தாள். ஊர் முழுக்க மேடும் பள்ளமும், வழுக்காத செருப்பு வேண்டும்; நடைபாதைக் கல் மழையில் எண்ணெய் தடவின மாதிரி இருக்கும். டிராமில் காலை எட்டுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும், அப்புறம் கூட்டமும் பிக்பாக்கெட்டும்தான். மேட்டுக்கு டிராமில் போய்விட்டு, இறங்கும்போது மட்டும் நடக்கலாம். கோட்டைக்கு வெயில் தாழ. ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அந்தியில். ஊரெல்லாம் விற்கும் அந்தப் பலகாரத்தில் முட்டை உண்டு, நமக்கு ஆகாது. எல்லாமே உருப்படியான குறிப்புகள். அதுதான் அவருக்கு எங்கேயோ உதைத்தது.

காரணம் இருக்கிறது. முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் இருந்தவர் அவர். தணிக்கைக்கு ஆள் வந்தால் ஊர் சுற்றிக் காட்டுவது அவர் பொறுப்பு. காலையில் நெல்லையப்பர் கோயில், அப்புறம் மணிமுத்தாறு அணை, பாபநாசத்தில் அருவிக் குளியல், ஆழ்வார்குறிச்சியில் தெரிந்தவர் வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு. அலுவலகம் திரும்பும்போது வந்தவர்களுக்குக் கண் சொருகும். கணக்குப் புத்தகங்கள் இருக்கும் உள்ளறை பீரோவை ஒருத்தரும் திறந்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷனிடமே பெற்ற மகள் இந்த வித்தையைக் காட்டுகிறாளா?

"ஏளா, இங்கன வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். ஆவுடைத்தாய் அவரைக்காயும் கையுமாக வந்தாள்.

"ஏழு நாளும் எண்ணிப் பாத்துட்டேன். அவ வீட்டுக்கு என்னைக்குப் போறோம்? அவ ஆபீஸ என்னைக்குக் காட்டுதா? ஒரு வரி இல்ல. நம்மள மலை மலையா ஏத்தி இறக்கி, அசத்தித் தூங்கப் போட்டு, அப்படியே பிளேன் ஏத்தி விட்டுரப் பாக்கா."

"பிள்ள ஆசையா எழுதி அனுப்பிருக்கா. உங்க புத்தி ஏன்தான் இப்படிப் போவுதோ!"

"இதையும் கேளு. மூணாம் நாளு. 'மழை வந்தால் நடை கிடையாது. மறுநாள் இதே சதுக்கத்தில் கூடவும். மஞ்சள் குடை பிடித்திருப்பவரைத் தேடி வரவும்.' யாருட்டி அந்த மஞ்சக் குடை?"

ஆவுடைத்தாய் அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியைத் தானே ஒருமுறை வாசித்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான். எவனோ ஒரு வெள்ளைக்காரன். அவனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அதனால்தான் வீட்டைக் காட்டவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல இருவருக்கும் துணிவில்லை.

சாயங்காலம் வீடியோ அழைப்பில் சங்கரி வந்தாள். முகம் கறுத்திருந்தது. அதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஏ.சி. ஆபீசில் உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படி முகம் கறுக்கும்?

"செருப்பு வாங்கியாச்சாப்பா?"

"அது கெடக்கட்டும். மஞ்சக் குடை யாரு?"

"அந்த வரிய எடுக்க மறந்துட்டேன்" என்றாள்.

"யாருன்னு கேட்டேன். அவன் பேரச் சொல்லு."

"அவன் இல்லப்பா. நாந்தான்."

கம்பெனியில் தை மாதமே ஆள் குறைத்தார்களாம். அன்றிலிருந்து மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றுலா வருகிறவர்களை மேட்டிலும் படியிலும் நடத்திக்கொண்டு போவதுதான் அவள் வேலை. பட்டியல், அவர்களுக்குக் கொடுப்பது. அப்பா அம்மாவுக்காக அதைத் தமிழில் எழுதியிருக்கிறாள். வீடு என்று ஒன்றில்லை. நாலு பெண்கள் இருக்கும் ஓர் அறையில் ஒரு கட்டில்.

குமரகுருபரனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எட்டு மாசமா பெத்தவன்கிட்ட மறைச்சிருக்கியே! ஒரு வார்த்த சொன்னா நான் என்ன, உன்னையத் தின்னுருவேனா?"

"சொல்லத்தான்பா அன்னைக்குப் போன் போட்டேன். எதுத்த வீட்டுப் பரமசிவ மாமா மகன் வேலை போயி ஊருக்கு வந்திருந்தான். 'லாயக்கு இருக்கவன ஏம்லே வீட்டுக்கு அனுப்புதான்'னு அவன் மூஞ்சிக்கு நேராவே கேட்டேன்னு பெருமையாச் சொல்லிச் சிரிச்சீங்க. நானும் சிரிச்சிட்டு போன வச்சிட்டேன்."

அவர் சொன்னதுதான். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றதும் ஞாபகம் இருந்தது. ஆவுடைத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன சொன்னாலும் இந்தப் பிள்ளை இனி நம்பப்போவதில்லை என்று அவருக்குப் பட்டது.

"போன வச்சிராத" என்று சொல்லிவிட்டு எழுந்தார். சட்டைகூடப் போடாமல், துண்டோடு, போனைக் கையில் பிடித்தபடி தெருவைத் தாண்டினார். எட்டு மாதமாக அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. பரமசிவன் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்; இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வே, பரமசிவன்" என்றார் குமரகுருபரன். குரல் தெரு முழுக்கக் கேட்டது. "எம்மகளுக்கு வேலை போயிட்டு. எட்டு மாசமாச்சு. குடையப் பிடிச்சிக்கிட்டு ஊரு சுத்திக் காட்டுதா. அன்னைக்கு உம்ம மகன நான் பேசினது தப்பு. அவ கேக்கட்டும்னுதான் போனோட வந்திருக்கேன்."

பரமசிவன் வாளியைக் கீழே வைத்தார். குத்திக் காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. குமரகுருபரன் அதற்குத் தயாராகவே நின்றார். பரமசிவனோ வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கி, திரையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஏட்டி சங்கரி, அவ்வளவு மேடும் ஏறி இறங்குதியே, ராத்திரி காலு வலிக்காம்மா?"

இத்தனை நேரம் கேள்வியாகக் கேட்ட குமரகுருபரனுக்கு இந்தக் கேள்வி தோன்றவேயில்லை. போனுக்குள் மகள் அழுகிற சத்தம் கேட்டது. தன்னிடம் பேசும்போது அவள் அழவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.