மேடத்தின் நான்கு கிலோ

எல்லாவற்றுக்கும் காரணம் முனீரா மேடம் நான்கு கிலோ குறைந்ததுதான்.

அவர் எங்கள் தொண்டு நிறுவனத்தின் இயக்குநர். ஹட்டன் அலுவலகத்துக்குப் புதுத் தராசு வந்த மாதத்தில் சீனியை விட்டார், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் நடந்தார், பழைய தராசில் பார்த்ததைவிடப் புதியதில் எடை இறங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தேயிலைத் தோட்டப் பெண்கள் அறுபது பேருக்கு ஒருநாள் ஆரோக்கிய மாநாடு என்று அறிவித்து, ஏற்பாட்டை என் தலையில் கட்டிவிட்டார்.

"நல்லா நடத்திக் காட்டுங்க நிஷாந்தி. அன்னைக்கே உங்க நிரந்தரக் கடிதத்துல கையெழுத்துப் போடுறேன்" என்றார். ஆறு மாதமாகத் தற்காலிக ஊழியராக இழுபட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கையெழுத்துதான் உயிர்.

அவர் தந்த பட்டியலைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீனியில்லாத தேத்தண்ணி. பொரித்த ரோல்ஸுக்குப் பதில் பப்பாளித் துண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மண்டபத்தைச் சுற்றி நடை. நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு நடை!

"மேடம், அவங்கள உக்கார விட்டாலே போதும்" என்றேன்.

"அது வேல. இது உடற்பயிற்சி" என்றார்.

கடிதத்தை நினைத்துப் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டேன். நல்ல சாய்மானமுள்ள நாற்காலிகளை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வாடகைக்கு எடுத்துவிட்டேன்.

மாநாட்டன்று வாசலிலேயே எடை பார்த்து ஆளுக்கொரு அட்டையில் எழுதுவதாக ஏற்பாடு. அலுவலகத் தராசைத்தான் கொண்டுபோயிருந்தேன். மஸ்கெலியாவிலிருந்து வந்த காளியாயி அக்கா முதலில் ஏறினார். நர்ஸ் "நாப்பத்தாறு" என்று எழுதினார்.

காளியாயி இறங்கவில்லை. "எவ்வளவு வெட்டுனீங்க?"

"என்னது?"

"கொழுந்து நிறுத்தா சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டுன்னு வெட்டுவாங்க. இங்க எதுக்கு வெட்டுனீங்க? நான் சாக்கும் கொண்டு வரல, நனையவும் இல்ல. போன வாரம் ஆஸ்பத்திரியில அம்பது கிலோ இருந்தேன்."

நர்ஸ் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. ஒவ்வொரு கிலோவுக்கும் சண்டை போட்டே வயதான கூட்டம் அது. "எனக்கும் கொறைச்சுத்தான் எழுதுவாங்க!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எடை குறைந்தால் எல்லோரும் மகிழ்வார்கள் என்று மேடம் நினைத்திருந்தார். ஒன்பது மணி மாநாடு ஒன்பதரைக்கும் வாசலிலேயே நின்றது.

"அரிசி மூட்டைய வச்சுப் பாருங்க" என்றார் காளியாயி.

பகல் சாப்பாட்டுக்குப் பொறுப்பெடுத்திருந்த பக்கத்துக் கடை சரிபுதீன் நானா, இருபத்தைந்து கிலோ மூட்டை இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். தராசு நாற்பத்தாறு என்றது. நானாவின் முகம் வெளுத்துவிட்டது. "என் கட மூட்டையில ஒரு மணி அரிசி கொறையாது!" என்று ஓடிப்போய், கடைத் தராசையே ஆள் வைத்துத் தூக்கிவந்தார். அதில் சரியாக ஐம்பது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தராசில் ஏறித்தானே மேடம் நான்கு கிலோ குறைந்தார்! இன்னும் சற்று நேரத்தில் வரப்போகிறார். அவருடைய தொடக்க உரையே 'நான் எடை குறைத்த கதை'தான். அலுவலகத் தராசு சரி என்று நான் சாதித்துவிட்டால் கடிதம் கைக்கு வந்துவிடும்.

"சொல்லு புள்ள, தராசு சரியா தப்பா?" காளியாயி என்னையே பார்த்தார்.

நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான். வெட்டிய கிலோக்களைச் சொல்லிச் சொல்லிப் புலம்பியபடி அம்மா வெங்காயம் நறுக்கியதெல்லாம் மறக்கவில்லை.

"தப்புத்தான்" என்றேன்.

முதுகுக்குப் பின்னால் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மேடம் மூட்டைகளைப் பார்த்தார், தராசுகளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நடந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"அப்ப நான்?" என்றார் சின்னக் குரலில். பதில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

காளியாயிக்கு இருந்தது. "அடப்பாவமே, மேடத்துக்கும் வெட்டிட்டானுங்களா! விடாதீங்க மேடம். உங்க நாலு கிலோவையும் எழுதச் சொல்லுங்க!"

"எழுதச் சொல்லுங்க!" என்று அறுபது பேரும் கத்தினார்கள். மேடத்துக்காக இவ்வளவு உண்மையாக யாரும் போராடி நான் பார்த்ததில்லை. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நானாவின் தராசில் மேடமே முதலில் ஏறினார். நர்ஸ் முழு எடையையும் எழுதியதும் கைதட்டல் வந்தது. அதற்குப் பிறகு மாநாடு தானாக நடந்தது. நடையை ரத்துசெய்தோம், தேத்தண்ணிக்குச் சீனி வந்தது. கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடும் பயிற்சியில் பாதிப் பேர் என் சாய்மான நாற்காலிகளில் நன்றாகத் தூங்கினார்கள். மேடம் அவர்களை எழுப்ப விடவில்லை.

சாயங்காலம் என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "அந்தத் தராச மட்டும் என் கண்ணுல காட்டாதீங்க" என்றார்.

எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகும் காளியாயி நின்றார். "மேடம், இந்தத் தராசு தப்புன்னு எனக்கு ஒரு கடுதாசி வேணும். கையெழுத்து, சீல் எல்லாம் போட்டு."

"உங்களுக்கு எதுக்கு அது?"

"முப்பது வருஷமா எங்க கணக்கப்பிள்ளைங்க ஒண்ணுதான் சொல்றாங்க, தராசு பொய் சொல்லாதுன்னு. நாளைக்குக் கொழுந்து நிறுக்கிறப்போ காட்டணும்."

மேடம் பேனாவைத் திறந்தார். என் கடிதத்தில் ஒரு கிறுக்கலோடு முடித்தவர், இதை ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதினார். பிறகு என்னைப் பார்க்காமலே சீலுக்குக் கை நீட்டினார்.