நீர் ஏறாத தொட்டி

அவள் எழுதிய மூன்று பத்திகள் இருக்குமா, போகுமா என்பது அன்று காலை தெரிந்துவிடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் இணையதளம் அது. ஊசலை ஆட்டலாம், கம்பியை இணைத்து பல்பை எரியவைக்கலாம், தொட்டிக்குள் பொருள்களைப் போட்டு எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று பார்க்கலாம். விளக்கம் எழுதுவது அவள். திரையில் அதையெல்லாம் நடக்கவைப்பது எதிர் மேசைப் புரோகிராமர். பழைய பக்கங்களைத் திருத்திக்கொண்டே வந்தவர்கள் தொட்டிப் பக்கத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

“இவ்வளவு நீளத்தை யாரு படிப்பாங்கக்கா? தூக்கிடலாம்” என்றான் அவன்.

“படிக்காம எப்படிப்பா புரியும்?”

வாக்குவாதம் முற்றி, ஒரு ஒப்பந்தத்தில் வந்து நின்றது. பக்கத்தை முன்பின் பார்க்காத ஒருவரை உட்காரவைப்பது. அவர் படித்தால் பத்திகள் பிழைத்தன. ஆனால் பக்கத்தைச் செய்தவர்கள் அருகில் இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.

வந்தது அவளுடைய நாத்தனார். பல் டாக்டர்.

“நாள் முழுக்க எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்றதுதான் என் பொழப்பு. எங்க அண்ணி வாயை மூடிட்டு இருக்கப்போறாங்கன்னா, லீவு போட்டாவது வந்து பார்ப்பேனே!”

நாத்தனார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மூன்று பத்திகளும் ஒரே தள்ளலில் மேலே போய் மறைந்தன. புரோகிராமர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

அவளுக்குச் சுருக்கென்றது. ‘கல் தனக்கு இடம் கேட்கிறது, இடம் கொடுத்த நீர் மேலே ஏறுகிறது’ என்ற வரிக்காக எத்தனை வரிகளை அடித்திருப்பாள்! சொல்லிக் கொடுக்கும்போதுதான் ஒரு அறையில் தனக்கு இடம் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். வாயை மூடினால் சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவாள். சினிமா பார்க்கும்போதுகூடக் கணவனுக்கு விளக்கிக்கொண்டிருப்பாள்; பாவம், அவரும் ‘ம்’ கொட்டுவார்.

நாத்தனார் கட்டையைப் போட்டாள். மிதந்தது. கல்லைப் போட்டாள். மூழ்கியது. இன்னொரு கல். பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

“ஏன் அண்ணி, தண்ணி ஏறவே இல்லையே?”

ஏறுதே என்று சொல்ல அவள் உதடு பிரிந்தது. ஒப்பந்தம் நினைவுக்கு வர, குனிந்து பார்த்தாள். நீர் மட்டம் போட்டது போட்டபடி கிடந்தது.

இரண்டு ஆசிரியர்கள் சரிபார்த்த பக்கம். அவளே எத்தனையோ முறை பார்த்தது. ஒவ்வொரு முறையும் நீர் ஏறியதை அவள் கண்ணால் கண்டிருந்தாள். இல்லை, படித்திருந்தாள். ஏறும் என்று எழுதியிருந்தது, எல்லோரும் நம்பிவிட்டார்கள். அந்த நல்ல வரிதான் எல்லோர் கண்ணையும் கட்டிப்போட்டிருந்தது.

“ஐயோ, தண்ணியை வெறும் படமா வச்சிட்டேன்க்கா,” என்று தலையில் கை வைத்தான் புரோகிராமர். இப்போது சிரிப்பு அவனிடம் இல்லை.

அவன் சரிசெய்து முடிப்பதற்குள் டீ வந்து ஆறியும் போனது. நாத்தனார் கிளம்பவில்லை. மறுபடி கல்லைப் போட்டாள். நீர் நகர்ந்து மேலே வந்தது.

“ஆங்! இப்ப பாருங்க!”

அவள் பார்த்தாள். பிறகு தன் மேசைக்குப் போய், மூன்று பத்திகளையும் அழித்தாள்.

“ஒப்பந்தப்படி தூக்குங்கன்னு நான் இன்னும் கேட்கவே இல்லையேக்கா!”

“நீ கேட்டிருந்தா விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.”

வலிக்கும் என்றுதான் நினைத்தாள். வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் கேட்காமலே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தால் மனசுக்குள் ஒரு நிம்மதி வருமே, அது வந்தது. நாத்தனாருக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். சும்மா உட்காருவது இவ்வளவு சுகமா!

நாத்தனார் கல்லுக்கு மேல் கல்லாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நீர் விளிம்பைத் தொட்டது.

“இன்னொண்ணு போட்டா வழியுமா அண்ணி?”

“போட்டுத்தான் பாரேன்.”

“அக்கா, வேண்டாம்! வழியறதுக்கு நான் இன்னும் புரோகிராம் எழுதலை!” என்று அலறிக்கொண்டு எழுந்தான் புரோகிராமர்.