கடைசிப் படகுக்கு இரண்டு

"ரெண்டு குடுங்க."

கவுன்ட்டர் ஜன்னலுக்குள் நீண்ட கை எனக்குத் தெரிந்த கை. மூன்று வருஷமாகத் தன் அக்கா வீட்டில் இருக்கும் என் மனைவி. கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது. என் மனசோ அந்த 'ரெண்டை'யே பிடித்துக்கொண்டது.

காரணம் உண்டு. பவளப்பாறை பார்க்கப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கட்டணம் கட்டுகிறார்கள். பருவம் முடிவதற்குள் ஐயாயிரம் பேர் சேர்ந்தால் எதிர்க்கரை ஓட்டலும் அதே தொகையைப் போடும். இரண்டும் சேர்ந்தால்தான் காவல் படகு ஓடும்; இல்லாவிட்டால் கண்டவனும் பாறைமேல் நங்கூரத்தைப் போடுவான். இன்று கடைசி நாள். நாலு மணிக்குக் கடைசிப் படகு. இரண்டு பேர் குறைந்தார்கள். காலையிலிருந்து துறையில் நாயைத் தவிர எல்லோரையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கே ஒன்று வாங்கியிருக்கலாம். விற்கிறவன் தன் கடையில் வாங்குவதில்லை என்பது எங்கள் வியாபாரக் குடும்பத்துப் பழக்கம். இந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பதினோரு வருஷமாகியும் நான் அந்தப் பாறையைப் பார்த்ததில்லை.

"ஊழியர் வீட்டாளுங்களுக்கு இலவசம்னு போர்டு இருக்கே?"

"இலவசம் எண்ணிக்கையில வராது. காசு குடுத்துடு."

"மாறவே மாட்டீங்க," என்று சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் பணம் வைத்தாள்.

டிக்கெட்டுக்குப் பதில் தரும் நீலப் பட்டையை மணிக்கட்டில் நாங்கள்தான் கட்டிவிட வேண்டும். கையில் கொடுத்தால் ஒரே பட்டையில் ஊரே போய்வந்துவிடும். அவள் மணிக்கட்டு மெலிந்திருந்தது. ஒரு துளை தள்ளி மாட்டினேன்.

"இன்னொரு ஆளு எங்க?"

என்னையே பார்த்தாள். "வருவாருன்னு நெனச்சேன்."

"சீக்கிரம் வரச் சொல்லு. நாலாகப் போவுது."

"சொல்லிப் பாத்துட்டேன்."

"அப்ப ஒண்ணுதான் தர முடியும். ஆளு இல்லாம பட்டை கிடையாது." மீதியை எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படகுக்குப் போனாள்.

அந்த ஆள் வருகிறானா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளியின் முகத்தைப் பார்த்தே அவன் மனசிலிருக்கும் விலையைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவன் நான்.

படகு கிளம்பும் சத்தத்துக்குத் திரும்பினேன். தன் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். கயிறு அவிழ்ந்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் உறைத்தது. ஓடினேன். துறைக்கும் படகுக்கும் நடுவே நாலு ஆள் நீளத்துக்குத் தண்ணீர். கூப்பிட்டேன், இயந்திரச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

திரும்பி வந்து, என் பணத்தைப் பெட்டியில் போட்டேன். ஒரு கையால் பட்டை மாட்ட வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். ஐயாயிரம்.

தூரத்தில் படகு பாறைமேல் நங்கூரம் போடாமல் ஆரஞ்சு மிதவையில் கட்டி நின்றது. துறை விளிம்பில், மணிக்கட்டில் நீலப் பட்டையோடு நான் நின்றேன்.