படிவத்தில் எழுதிய காரணம்

1968 மார்ச்சில் பினாங்கிலிருந்து பம்பாய்க்குப் போகும் வழியில் ஒரு கப்பல் எண்ணெய் நிரப்பத் திருகோணமலைக்கு வந்தது. அதில் இங்கே இறங்க இருந்தவர் ஒரேயொரு பயணி, ஐம்பது வயதான அசனா. துறைமுக அலுவலகத்தில் குடிவரவு அதிகாரி பாக்கியரத்தினம் அவருடைய கடவுச்சீட்டை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்து மேசையில் கப்பல் முகவரின் தட்டெழுத்தாளர் புஷ்பவதி தட்டெழுத்துப் பொறியில் படிவத்தைச் செருகிவிட்டுக் காத்திருந்தாள்.

"எத்தினை நாளைக்கு வந்தனீங்கள்?"

"பதினாலு நாளு. ஊரு பாக்கத்தான் ஐயா."

"இஞ்ச சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?"

"கிண்ணியாவுல எங்க அக்கா றுக்கியா இருக்கா. பாத்து முப்பது வருசமாச்சு."

அதிகாரி பேனையை மூடினார். "பிறகென்ன உல்லாசப் பயணம்? அக்கா வீட்டில நிண்டுவிடத்தானே வாறியள்? உல்லாசப் பயணி எண்டால் கன்னியா வெந்நீர்க் கிணறு பார்க்க வாறவ."

"அதையும் பாக்குறேன். திரும்பிப் போக டிக்கெட்டு இருக்கு. பேரப்புள்ளைங்க எல்லாம் பினாங்குலதானே."

அவர் புஷ்பவதியின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அனுமதி இல்லை எண்டு அடியுங்கோ. காரணம், அம்மைப்பால் குத்தின பத்திரம் இல்லை."

புஷ்பவதியின் விரல்கள் நின்றுவிட்டன. சற்று முன்னர்தான் அந்த மஞ்சள் தடுப்பூசிப் பத்திரத்தைப் பார்த்து, அதன் திகதியைப் பட்டியலில் அவளே பதிந்திருந்தாள். அதிகாரியும் அதைப் பார்த்திருந்தார். அக்கா இருப்பதைக் காரணமாக எழுதினால், மறுக்கப்பட்ட பயணியைத் தானே சுமக்கவேண்டிய கப்பல் கப்டன் கொழும்புத் தலைமையகத்துக்கு ரெலிபோன் எடுத்து வாதாடுவார். நோய்க் காரணத்தை எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நாலு மணிக்குக் கப்பல் இந்த மனுசியை ஒருவரையும் தெரியாத பம்பாய்க்குக் கொண்டுபோய்விடும்.

என்ன நடக்கிறதென்று விளங்காமல் அசனா அழத் தொடங்கினார். "அக்காவ பாக்கக்கூடாதுன்னா பாக்கல ஐயா. எறங்க மட்டும் விடுங்க."

புஷ்பவதி அதிகாரியின் மேசை லாச்சியைப் பார்த்தாள். அவளுடைய தகப்பன் இந்தியாவிலிருந்து வந்து கடற்படைத் தளத்தில் கூலியாக இருந்தவர். அவர் குடியுரிமை கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் விசாரணைக் கோவை இரண்டு வருடமாக அந்த லாச்சிக்குள்தான் கிடந்தது.

அவள் அடித்தாள். தாளை உருவி நீட்டினாள்.

"கிண்ணியாவில் சகோதரி இருப்பதால் தங்கிவிடுவார் என்ற சந்தேகம்" என்றிருந்ததை அவர் இரண்டு தரம் வாசித்தார். "நான் சொன்னது இதில்லையே."

"பத்திரம் இருக்கு ஐயா. நான் கண்டனான். கப்டன் கேட்டால் இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாது."

"உங்கட அப்பாவின்ர கோவை எங்க கிடக்கெண்டு தெரியும்தானே?"

"ஓம்" என்றாள்.

அவர் கதிரையில் சாய்ந்தார். "போன மாசம் நான் விட்ட ஒருத்தன் திரும்பிப் போகேல்லை. விளக்கம் கேட்டு மேலிடத்துக் கடிதம் வந்திருக்கு. இன்னொண்டு நடந்தால் என்ர வேலை போச்சு. விளங்குதோ?"

அவரும் தன்னைப் போலவே பயந்திருக்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. ஆறுதலுக்குப் பதிலாக இன்னும் பயம்தான் வந்தது. இவ்வளவு பயந்த மனிதன் என்ன செய்யமாட்டான்?

பொய் வெளியே வந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள். கடைசியில் அவர் அந்தத் தாளிலேயே கையெழுத்து வைத்தார்.

அவள் நினைத்தபடியே கப்டன் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. கொழும்பிலிருந்து மூன்றேகாலுக்குப் பதில் வந்தது. பத்து நாள் தங்கலாம். உள்ளூரவர் ஒருவர் பிணை நிற்கவேண்டும். காலையிலிருந்து துறைமுக வாசலில் காத்து நின்ற றுக்கியாவின் கணவர் ஸஹாப்தீன் ஓடிவந்து கையெழுத்திட்டார்.

போகும்போது அசனா புஷ்பவதியின் கையைப் பிடித்தார். "ஏன் இப்படிக் குளுந்து கெடக்கு? அந்தத் தாள்ல என்னம்மா எழுதுன?"

"உங்களுக்கு இஞ்ச ஒரு அக்கா இருக்கிறா எண்டு எழுதினனான்."

பத்தாம் நாள் அசனா சொன்னபடியே அடுத்த கப்பலில் ஏறிப் போனார். பாக்கியரத்தினம் அதன் பிறகு புஷ்பவதியோடு வேலைக் கதையைத் தவிர வேறு கதை கதைக்கவில்லை. தகப்பனின் குடியுரிமைப் பத்திரம் வந்து சேரப் பதினாலு மாதம் எடுத்தது. அதுவரை தபாற்காரனின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம், மறுப்புக் கடிதம் வந்துவிட்டதோ என்று அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏன் என்று தகப்பன் பலமுறை கேட்டார். ஒவ்வொரு முறையும், "அடுப்பில உலை கொதிக்குது அப்பா" என்றாள்.